அலைக்கு முன்னால் உட்காரச் சொன்னவர்

பொய் சொல்லி என் பிழைப்பைக் கெடுத்தவர்கள் பல பேர். அவர்களுடைய முகம்கூட இப்போது ஞாபகமில்லை. உண்மையைச் சொல்லிக் கெடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவரை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கோபத்தின் நடுவில் சிரிப்பும் வந்து தொலைப்பதால் ஒழுங்காகத் திட்ட முடியவில்லை. ஒருமுறை முழுசாகத் திட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி போகிற ரோட்டின்மேல் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அவர் பட்டறைக்குப் பின்தெருவில் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். ஒல்லி உடம்பு. வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், பேன்ட் சைக்கிள் செயினில் மாட்டாமல் இருக்கக் காலில் ஒரு கிளிப். அந்தக் கிளிப்பைக் கோயிலுக்குப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டார். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயில். அவர்கள் கிறிஸ்தவர்கள்.

தெருவில் எல்லோரும் அவரைப் பாதி சார் என்பார்கள். காரணம், யார் எந்த அளவைச் சொன்னாலும் உடனே அதைப் பாதியாக்குவார். "நேத்து மழையில ரயில்வே கேட்டாண்ட இடுப்பளவு தண்ணி சார்" என்றால் "முட்டியளவு" என்பார். நேரில் பார்த்திருக்க மாட்டார். ஆனால் போய்ப் பார்த்தவன் திரும்பி வந்து பேசாமல் இருப்பான். முட்டியளவுதான் இருந்திருக்கும். இது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல்முதலாக என் பட்டறைக்கு ஒரு கேட் செய்யச் சொல்லி வந்தார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன்.

"அடுத்த வெள்ளியா?"

"இந்த வெள்ளி சார்."

"சரி, அடுத்த வெள்ளி வர்றேன்."

"இந்த வெள்ளின்னு சொல்றேன் இல்ல?"

"கோபப்படாதீங்க. அளவுன்னா பாதி, நாளுன்னா ரெண்டு மடங்கு. எல்லா மனுஷனுக்கும் இதான். உங்கள மட்டும் சொல்லல."

வீம்புக்காகவே இந்த வெள்ளிக்குள் முடித்து அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று இருந்தேன். புதன்கிழமை கரண்ட் போய்விட்டது. வந்தபோது வெல்டிங் மெஷினின் காயில் சுற்று எரிந்துவிட்டது. அடுத்த வெள்ளி காலையில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கிளிப் போட்ட கால் ஒன்று பட்டறை வாசலில் சைக்கிளை ஊன்றியது. சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இந்தப் பாதி வியாதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருடைய மனைவியைக் கேட்டேன். அந்த அக்கா நல்ல மாதிரி. "எல்லாம் அந்தக் கடலால வந்ததுங்க" என்றார்கள். "அலையக் கரையில நின்னு பாக்குறவன் ரெண்டு மடங்காத்தான் சொல்வானாம். பயம்தான் காரணமாம். அதக் கண்டுபிடிச்சதிலேர்ந்து எதையும் நம்புறதில்ல. பயமோ ஆசையோ இருக்குற கண்ணு ரெண்டாத்தான் பாக்கும்னு ஒரே பாட்டு."

அந்த அக்காதான் இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், கடலில் சீஷர்களின் படகு புயலில் மாட்டிய கதையைப் பிரசங்கம் செய்தாராம். மலை மலையாக அலை எழுந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினாராம். ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது இவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, அது கடல் இல்ல, ஏரி. எவ்ளோ காத்தடிச்சாலும் ஏரியில அலை வளர்றதுக்கு எடம் பத்தாது. மலையெல்லாம் வராது. படகுல இருந்தவங்க பயந்து போயிருந்தாங்க, அவ்ளோதான்."

"வேதத்தையே பாதியாக்குறீங்களா சார்?"

"இல்லைங்கய்யா. அற்புதம் முழுசு. அலை மட்டும் பாதி."

அதற்கப்புறம் அந்தப் போதகர் இவர் கோயிலுக்கு வந்திருந்தால் கடல் சம்பந்தமான எதையும் பிரசங்கிப்பதில்லையாம்.

எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது படித்தவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று பாதி சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அது அவர்கள் செய்த தப்பு. மாப்பிள்ளையின் அப்பா, "பல்லாவரத்துல எங்களுக்கு ரெண்டு வூடு" என்றார். பாதி சார் கேசரியை வாயில் வைத்துக்கொண்டே "ஒண்ணு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. கம்பவுண்டர் மனைவி உள்ளே இருந்து பார்த்த பார்வையில் கேசரி எரிந்திருக்கும். எப்படியோ சமாளித்துக் கல்யாணம் நடந்தது. பெண் மறுவீடு வந்தபோது சொன்னாள். ஒரே வீடுதான். முன்பக்கம் ஒரு தெரு, பின்பக்கம் ஒரு தெரு. ரெண்டு வாசல்.

"நீங்க எப்டி அக்கா இவரோட குடும்பம் நடத்துறீங்க?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. 'சுமாரா இருக்காங்க'ன்னார். நான் ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் இத்தன வருஷத்துல பாத்துட்டேன். இவர் வாயில சுமாருக்கு மேல வார்த்தையே கிடையாது. எனக்குக் கெடச்சதுதான் உச்சம்."

இப்போது கடலுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுப்பார். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அப்புறம் கால்வாயில் தோணி. தோணியில் சைக்கிளை ஏற்றி அக்கரை போய், சவுக்குத் தோப்பு மணலில் தள்ளிக்கொண்டு போனால் நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கேதான் அவர் அலை அளந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பு ஒன்றைக் கடலுக்குள் நட வேண்டும், அது சாயாமல் நிற்க இரும்பில் ஒரு பிடி வேண்டும் என்று கேட்டார். செய்தேன். தனியாகப் பூட்டத் தெரியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அவர் அலை பார்ப்பதை முதலில் பார்த்தேன்.

ஈர மணலில் கடலைப் பார்த்து நின்றார். அலை வந்தது. கொஞ்சம் முழங்காலை மடக்கினார். அடுத்த அலை வந்தது. இன்னும் மடக்கினார். அப்புறம் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எழுந்தார். படித்த மனிதர், காலில் கிளிப்போடு, வங்கக் கடலுக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். குப்பத்துப் பெண்கள் மீன் காயப்போடுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குப்பத்துக்குத் தலைவர் எல்லப்பன். கட்டுமரத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார். "இன்னா நைனா, வாத்தியாரு கடலாண்ட மன்னிப்பு கேக்கறாரா? இன்னா தப்பு பண்ணாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? அவரையே கேளு."

பாதி சாரே விளக்கினார். தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோடு இருக்கிறது அல்லவா, உடைகிற அலையின் தலை சரியாக அந்தக் கோட்டைத் தொடுகிற மாதிரி நம் கண்ணை இறக்க வேண்டும். தொடுகிறபோது நம் கண் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அலையும் அவ்வளவு உயரம். நின்றுகொண்டிருக்கும்போதே தொட்டால் அலை ஆள் உயரம். உட்கார்ந்தால்தான் தொடுகிறது என்றால் மூன்றடி. கம்பு இருக்கிறது, ஆனாலும் கம்பை மட்டும் நம்பக் கூடாது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

"உக்காந்து பாருங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். பார்த்தோம். நான் ஆறடி ஏழடி என்று நினைத்துக்கொண்டிருந்த அலை, உட்கார்ந்த என் கண்ணுக்கு நேராகக் கோட்டைத் தொட்டுவிட்டு உடைந்தது.

எல்லப்பனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டினார். "இது சும்மா வெளாட்டு அலை. ஐப்பசில வா சாரே, பனமரம் ஒசரம் வரும்."

"அப்ப ஆள் ஒசரம்" என்றார் பாதி சார்.

"பனமரம்."

"பனமரம் நீங்க சொல்றீங்க. நான் பாதியில பாதிக்கும் கீழ எடுத்துக்கறேன்."

"இன்னாயா மனுசன் இவரு?" என்றார் எல்லப்பன் என்னிடம். அதே கேள்விதான் எனக்கும்.

பாதி சாருக்கு ஒரே ஓர் ஆசை. அலை எழும்பி விழுகிற வேகத்தை வைத்துக் கரண்ட் எடுக்கலாம், அதற்கு நம்முடைய கரை லாயக்கா என்று அரசாங்கத்தில் யாராவது ஒருவர் அவரைக் கேட்க வேண்டும். வருஷக்கணக்காக அந்தக் கேள்விக்கு அவர் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடற்கரையிலேயே இருந்துவிடுவேன் என்பார். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் இவர் வந்தால் அலை அடிக்கிற மாதிரிக் கையை ஆட்டுவார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டார்.

"உயரத்துல மட்டும் பொய் சொல்லக் கூடாதுங்க" என்பார், நான் வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து. "அலை ஒசரம் ரெண்டு மடங்கானா அதுல இருக்குற சக்தி நாலு மடங்கு. அப்ப ஒசரத்த ரெண்டாச் சொன்னா சக்தி நாலாப் பொய்யாவும். மூணாச் சொன்னா ஒம்போது. ஒரு பொய் தானா குட்டி போட்டுக்கினே போகும்."

"வெளிச்சத்தப் பாக்காதீங்க சார், கண்ணு போய்டும்" என்பேன் நான்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வயல் மனையாகிக்கொண்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் கன்னியப்பன் என்று ஒருத்தர். பரம்பரை விவசாயி. ஏர் பிடித்த நிலத்தில் கல் நட்டுப் பட்டை அடித்து விற்று, வெள்ளைச் சட்டைக்கு மாறியவர். அவர் கண்ணுக்கு உலகத்தில் பட்டை அடித்த எதுவும் மனைக்கல்தான். பாதி சார் சிவப்பு வெள்ளைக் கம்போடு சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்தார்.

"வாத்தியாரு கடலாண்ட கோல் நட்டுகினு கீறாராமே. யாரு பார்ட்டி?"

"பார்ட்டி கீர்ட்டி ஒண்ணுமில்ல. அலை அளக்குறாரு."

"அலைய அளந்து யாருக்கு விக்கப் போறாரு? எங்கிட்டயே கதை உடறியா? துறைமுகம் வருதா, ரோடு வருதா, அத்த மட்டும் சொல்லு."

நான் ஒன்றும் வரவில்லை என்றேன். மறைக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். பாதி சாரையே கேட்டார். "ஒண்ணும் வராதுங்க. வந்தா அலைதான் வரும்" என்று அவர் சொன்னதும் கன்னியப்பனுக்குச் சந்தேகமே போய்விட்டது. இவ்வளவு கெட்டியாக மறைக்கிற விஷயம் சின்னதாக இருக்காது என்று கம்புக்கு நேர் எதிரே மணல்மேடு ஒன்றை வாங்கிப் போட்டார். வாங்கிய கையோடு நான்கு மூலையிலும் கல் நட்டுப் பட்டை அடித்தார். மறுநாள் காலையில் குப்பத்துக்காரர்கள் அதில் வலை காயப்போட்டிருந்தார்கள்.

அப்புறம்தான் அலையில் கரண்ட் எடுக்கிற மெஷின் வந்தது. மின்வெட்டு மோசமான நேரம். பட்டறை பாதி நாள் இருட்டாகக் கிடந்தது. வெட்டியாக இருந்த கோபத்தில் நான்தான் செய்து கொடுத்தேன். இரண்டு மண்ணெண்ணெய் டிரம்மைச் சேர்த்து மிதவை. அதிலிருந்து நீளமான பைப்பு ஒன்று கரையில் நட்ட சட்டத்துக்கு வரும். அலை டிரம்மைத் தூக்கினால் பைப்பு தூக்கும், பைப்பு தூக்கினால் சைக்கிள் செயின் இழுக்கும், சக்கரம் சுற்றும், சக்கரத்தில் உரசுகிற டைனமோவில் ஒரு சின்ன பல்பு. தோணியில் டிரம்மை ஏற்றப் போய் இரண்டும் கால்வாயில் விழுந்து, தோணிக்காரர் அவற்றைத் துரத்திக்கொண்டு தெற்கே போனது தனிக் கதை. அதை எழுதினால் எனக்கு மறுபடி ரத்தம் கொதிக்கும்.

மெஷின் ஓடியது. ஒவ்வொரு அலைக்கும் பல்பு பீடி நுனி மாதிரி சிவந்து அணைந்தது. குப்பத்துப் பிள்ளைகள் கை தட்டின. பாதி சார் கை தட்டவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "சுமாரா இருக்கு" என்றார். அந்த வார்த்தையின் விலை எனக்குத் தெரியும். அதனால் ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மின்வெட்டுப் புண்ணியத்தில் ஒருநாள் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். ஆவணி மாதம். ஜீப் மணலில் புதைந்தது. குப்பத்து ஆட்கள் தள்ளி எடுத்தார்கள். இஸ்திரி போட்ட வெளிர் நிற பேன்ட், கறுப்புக் கண்ணாடி. கன்னியப்பன் அவருக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தார். நானும் சட்டை மாற்றிக்கொண்டுதான் போயிருந்தேன். பொய் சொல்வானேன், இந்த மாதிரி ஐம்பது மிதவை வேண்டுமென்றால் யார் பட்டறைக்கு வரும் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன்.

அதிகாரி பாதி சாரிடம் தன்மையாகத்தான் பேசினார். "ஸ்கீம் பாஸாச்சுன்னா உங்களை இங்கயே டெபுடேஷன்ல போட்டுக்கலாம். ஸ்கூல்ல நான் பேசிக்கறேன்." பாதி சார் கடலில் நின்ற கம்பைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அதிகாரி குப்பத்துப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் குடிசையெல்லாம் கால்வாய்க்கு அந்தாண்ட மாத்திடலாம். எடம் கிளியரா இருக்கணும்."

எல்லப்பன் பக்கத்தில்தான் நின்றார். பாதி சாரின் சட்டைக் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "இன்னா சாரே இது? கால்வாய்க்கு அந்தாண்ட போயி கட்டுமரத்த எங்க எறக்குவோம்? தோணிக்காரனோட சேந்து சைக்கிள் ஏத்தவா? நீ இத்தச் சொல்லவே இல்லியே."

"எனக்கே இப்பதான் தெரியும் எல்லப்பா."

அதற்குள் அதிகாரி குப்பத்து ஆட்களிடம், "இங்க அலையெல்லாம் எப்படி, பெருசா வருமா?" என்று கேட்டுவிட்டார். குடிசை போய்விடும் என்கிற நேரத்திலும் அவர்களுக்குத் தங்கள் கடலை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. எல்லப்பனின் தம்பி முந்திக்கொண்டு "பனமரம் ஒசரம் சார்" என்றான். இன்னொருவன், "பக்கத்துக் குப்பத்துலலாம் இந்த அலை கிடையாது. எங்களாண்டதான்" என்றான். எல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

"லோக்கல் ஆளுங்களே சொல்றாங்க" என்று அதிகாரி சந்தோஷமாகத் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. பத்தடின்னு போட்டுக்கலாமா?"

"மூணடிங்க."

"இன்னிக்கி கம்மியா இருக்கலாம். பொதுவா?"

"பொதுவாத்தான் சொல்றேன். ஐப்பசி கார்த்திகைல கொஞ்ச நாள் ஏறும். அப்ப ஏர்றது மெஷின ஒடைக்கத்தான் ஏறும். மீதி மாசத்துல வர்ற சக்திய வெச்சு இந்த எடத்துல ஸ்டேஷன் கட்டினா, கட்டின செலவுக்கு ஊருக்கே மெழுகுவத்தி வாங்கிக் குடுத்துடலாம்."

எனக்கு அவரை மிதிக்கலாம் போல் இருந்தது. பின்னால் நின்று, "சார், ஒரு ஆறு சொல்லுங்களேன், பாதியில நிக்கட்டும்" என்றேன். கன்னியப்பன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, அவரு கேக்கறப்ப ஆமான்னு சொன்னா வாய் கோணிக்குமா?" என்று பல்லைக் கடித்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க சார், கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தான் மேல பணம் ஒதுக்குவாங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. அதோ வருது பாருங்க, அது மூணடியா? எனக்கு எட்டடியாவது தெரியுது."

"நின்னு பாக்குறீங்க. உக்காந்து பாருங்க."

"என்னது?"

"உக்காருங்க சார்."

பள்ளிக்கூடத்துக் குரல் அது. அதிகாரி தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த வெளிர் நிற பேன்ட்டோடு ஈர மணலில். பாதி சாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கோட்டப் பாருங்க. இப்ப அலை வருது. தலை எங்க தொடுது?"

அதிகாரி பார்த்தார். அலையின் தலை கோட்டைத் தொட்டது. அவர் வாய் லேசாகத் திறந்தது. "அட, ஆமா" என்றார். அதே மூன்றடி அலை கரையேறி வந்து இடுப்பு வரைக்கும் அவரை நனைத்துவிட்டுப் போனது. மெஷினில் பல்பு பீடி நுனி மாதிரி ஒருதரம் சிவந்தது.

"இதானா?" என்றார் அதிகாரி, பல்பைப் பார்த்து.

"இதான் சார்."

ஜீப்பைத் தள்ள இந்தத் தடவை ஒருவரும் வரவில்லை. நானும் பாதி சாரும் தள்ளினோம். டெபுடேஷனைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. குப்பத்துக்காக இரக்கப்பட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு சில பேர் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் அவ்வளவு புண்ணியவான் இல்லை. குப்பமே இல்லாத வெறும் மணலாக இருந்திருந்தாலும் மூன்றடி என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் மேடவாக்கம் வரைக்கும் திரும்பி வந்தோம். அங்கே அவர் சைக்கிளை நிறுத்திக் காலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினார்.

குடிசைகள் பிழைத்ததற்குக் குப்பம் அவருக்கு மாலை போட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். அடுத்த ஞாயிறு அவரை மணலில் இறங்கவே விடவில்லை.

"எங்க கடல மூணடின்னு சொல்லிட்டியே சாரே" என்றார் எல்லப்பன். "பக்கத்துக் குப்பத்துக்காரன் இப்போ வலையிழுக்கறப்ப இன்னா பாடறான் தெரியுமா? மூணடிக் கடலு, முட்டிக்கால் கடலுன்னு பாடறான். பொண்ணு குடுக்க மாட்டேங்கறான்யா."

"வீடு தப்பிச்சுது இல்ல?" என்று கத்தினேன் நான்.

"வூடு இருந்து இன்னா, மானம் பூட்ச்சே."

பாதி சார் சைக்கிளைத் தாங்கி நின்றார். "ஐப்பசில ஆள் ஒசரம் வரும்னு நானே சொல்லிருக்கேன் எல்லப்பா. வந்தா ஊரறியச் சொல்றேன். ஆனா உக்காந்துதான் பாக்கணும். எல்லாரும் உக்காரணும்."

அப்படித்தான் அந்த ஐப்பசியில் அந்தக் கூத்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வானம் கறுத்துக் கிடந்தது. கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை. குப்பத்து ஆண்கள் மொத்தப் பேரும் ஈர மணலில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாதி சார். பக்கத்துக் குப்பத்திலிருந்து சாட்சிக்கு இரண்டு பேர், பாட்டுக் கட்டியவன் உட்பட. கன்னியப்பனும் தன் மணல்மேட்டைப் பார்க்க வந்தவர், என்னவோ ஏலம் போலிருக்கிறது என்று வரிசையில் உட்கார்ந்துவிட்டார். திட்டலாம் என்று போன நானும் உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

அலைகள் வந்தன. சில அலைக்கு இடுப்பைக் கொஞ்சம் தூக்கினோம். சில அலைக்கு அரைவாசி எழுந்தோம். "எழுந்துக்காதீங்க, கோட்டப் பாத்து அளவா எழுந்துக்குங்க" என்று பாதி சார் காற்றில் கத்தினார். பாட்டுக் கட்டியவன் எழவே இல்லை, வேண்டுமென்றே. அப்புறம் ஒன்று வந்தது. தூரத்திலேயே கோட்டை மறைத்தது. முழங்கால் நிமிர்ந்தது. இடுப்பு நிமிர்ந்தது. வரிசை முழுக்க, ஒருவரும் சொல்லாமல், ஒரே ஆளாக எழுந்து நின்றோம். நின்ற பிறகும் அலையின் தலை கோட்டை விட்டு இறங்கவில்லை. பாட்டுக் கட்டியவன்கூட நின்றுகொண்டிருந்தான். பாதி சார் குதிகாலைத் தூக்கினார்.

டிரம்மு மேலே போவதைப் பார்த்தேன். பைப்பு எழும்பியது. சைக்கிள் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. பல்பு அதுவரை எரியாத மாதிரி எரிந்தது. வெள்ளை வெளேரென்று, இருட்டிக் கிடந்த அந்த மத்தியானத்தில் பாதி சாரின் முகத்தில் வெளிச்சம் விழுகிற அளவுக்கு. அப்புறம் படாரென்று போய்விட்டது. நாங்களும் போய்விட்டோம். அலை எங்களைச் சுருட்டிக் கன்னியப்பனின் மனைக்கல் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது.

வாயில் மணலோடு எழுந்து பார்த்தால், என்னுடைய சட்டம் வளைந்து கிடந்தது. ஒரு டிரம்மைக் காணோம். பாதி சார் தவழ்ந்து போய் உடைந்த பல்பின் அடிப்பகுதியைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒசரம் ரெண்டு மடங்கு" என்றார் என்னிடம். "சக்தி நாலு மடங்கு. பல்பு தாங்குமா? சொன்னேன் இல்ல?"

"என் மெஷின் போச்சு சார்."

"போகும்னும் சொன்னேன் இல்ல?"

எல்லப்பன் தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டு வந்தார். "இன்னா சாரே. இப்போ சொல்லு. பனமரமா இல்லியா?"

"ஆள் ஒசரம்."

"சரி, பனமரத்துல பாதி போடு. நான் ஒத்துக்கறேன்."

"ஆள் ஒசரம், எல்லப்பா."

எல்லப்பன் பக்கத்துக் குப்பத்துக்காரன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஆள் ஒசரம். யாரு சொல்றது தெரியுமா? பாதி சாரே சொல்றாரு. அப்ப நீயே கணக்குப் போட்டுக்கோ."

அந்தப் பாட்டை அதற்கப்புறம் யாரும் பாடவில்லை என்று கேள்வி.

வளைந்த இரும்பைத் தோணியில் ஏற்றி நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த இரும்பில் கம்பவுண்டர் வீட்டுக்கு ஜன்னல் செய்தேன். அடுத்த வாரம் பாதி சார் புதிதாக ஒரு பல்போடு பட்டறை வாசலில் வந்து நின்றபோது அவரை விரட்டி அடித்தேன். அதற்கடுத்த வாரமும் விரட்டினேன். அதற்கப்புறம் விரட்டவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, வெல்டிங்காரன் ஏற்றிச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். வீம்பு, செலவு, கோபம், நான் சொன்ன எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அலையில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஆள் உயரம். நான் உட்கார்ந்துதான் பார்க்க ஆரம்பித்தேன்.